கழற்றியது கழற்றியாச்சு

"பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, ஜஹனாரா. வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?" என்று நாத்தனார் உம்மு ஹபீபா மறுபடியும் கேட்டபோது, ஜஹனாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் அவள் கணவர் கிபாயத்துல்லா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார். மகன் நிஹால் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்ததும் குளிப்பாட்டி, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகப் பேச்சு.

மய்யித்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் மனைவி வாய் திறந்து சொல்ல வேண்டும். இவர் எனக்குச் செய்த குறைகளையெல்லாம் நான் பொருந்திக்கொண்டேன், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்று. அவர்கள் குடும்பத்தில் அது பழக்கம். சொல்லாவிட்டால் போகிறவருக்குப் பாரம். பெரும்பாலான பெண்கள் யாரும் கேட்பதற்கு முன்பே அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிடுவார்கள். ஜஹனாராவே எத்தனையோ வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவைத்தவள்தான். இன்று அவள் வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. மூத்த நாத்தனாருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. வந்திருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சொல்லக் கூடாது என்று பிடிவாதமெல்லாம் இல்லை. எதைப் பொருந்திக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அந்த விஜயராணி விஷயம் உண்மையா, பொய்யா? தெரியாத குற்றத்தை எப்படி மன்னிப்பது? ஒப்புக்குச் சொன்னால் நாத்தனார் வாய் அடங்கும், ஆனால் படைத்தவன் முன்னால் அது பொய். உண்மை தெரிந்தாக வேண்டும். அதுவும் அவரை எடுப்பதற்குள் தெரிந்தாக வேண்டும்.

எல்லாம் அந்த டேஷ்போர்டால் வந்தது.

வீட்டில் ஒரு ஹெரால்ட் கார் இருந்தது. ஜஹனாரா மணமுடித்து வருவதற்கு முன்பே, மாமனார் காலத்திலிருந்து இருந்தது. கரும்பச்சை நிறம், உள்ளே பளபளவென்று மரப்பலகையில் டேஷ்போர்டு. கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் கம்பளிக் கடை வைத்திருந்த கிபாயத்துல்லா, கடையில் தூசி தட்டுவதை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு வண்டியைத் தானே துடைப்பார். நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அதில்தான் போவார். சீசனில் சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாள்மலைப் பக்கம் இறங்கியவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லையாம். டேஷ்போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமாம். வண்டி சுரேந்திரன் ஷெட்டில் நிற்கிறது என்றார். சுரேந்திரன் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மலையில் பழைய வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் அவன்தான் வைத்தியன்.

அடுத்த வாரம் ஜஹனாரா வண்டி எங்கே என்று கேட்டாள். "டேஷ்போர்டைக் கழட்டினது கழட்டியாச்சு. அப்படியே வைப்பரையும் பாத்துருவோம்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. வைப்பரை ஆட்டுகிற சின்னச் சக்கரங்கள் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. இன்னொரு தடவை கழற்றுவதற்கு இப்போதே மாற்றிவிட்டால் நல்லதுதானே. கொடைக்கானல் மஞ்சில் வைப்பர் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அதற்கடுத்து வயர். துணி சுற்றிய பழைய வயர்களாம், விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறதாம், கழட்டினது கழட்டியாச்சு, அதையும் மாற்றிவிடுவோம் என்றார். அப்புறம் என்ஜின் பக்கத்திலிருந்து வயர்கள் உள்ளே நுழைகிற ஓட்டைகளில் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தன, அந்த வழியாகத்தான் இத்தனை வருஷம் குளிர் காலுக்கு வந்திருக்கிறது. அப்புறம் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்குகிற காற்றுக் குழாய் கிழிந்திருந்தது. அப்புறம் முள்ளுக்குப் பின்னால் எரிகிற பல்புகள். கடைசியில் பலகைக்கே பாலிஷ். பண்ணைக்காட்டிலிருந்து ஆசாரி வந்து தேய்த்து ஒரு கை பூசிவிட்டுப் போனாராம், அது காய வேண்டுமாம். இந்த ஊர் ஈரத்தில் என்றைக்குக் காய்வது? பிள்ளை பெற்றவள்கூட எழுந்து நடமாடிவிடுகிறாள், அந்த வண்டி எழுந்திருக்கவில்லை.

முதலில் அவள் சந்தேகம் சுரேந்திரன் மேல்தான் இருந்தது. ஏமாந்த ஆளிடம் வேலையை வளர்க்கிறான் என்றாள். கிபாயத்துல்லா அவனுக்காகப் பரிந்து பேசினார். அவர் யாருக்காகவும் அப்படிப் பரிந்து பேசுகிறவரில்லை. மார்கழியில் புதுப் பழக்கம் ஒன்று ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடையை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு, தினமும் பஸ் ஏறிப் பெருமாள்மலைக்குப் போய்விடுவார். பக்கத்தில் நின்றால்தான் வேலை நடக்கும் என்று சொல்லிக்கொள்வார். திரும்பி வரும்போது அவர்மேல் கிரீஸ் வாடை இருக்காது, ஏதோ மருந்து போட்டுக் கழுவியதுபோல் சுத்தமான ஒரு வாடை இருக்கும். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது கழற்றாமல் மேலேயே தடவிக்கொள்ளத் தோலில் காலுறை வாங்கிக்கொண்டார். ராத்திரியும் காலுறையோடுதான் படுத்தார். குளிர் ஊரில் காலுறையை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் சந்தேகம் அந்த வாடையில் இருந்தது.

எதிர்வீட்டு முருகானந்தம் ஜீப் ஓட்டுகிறவன். நல்லவன்தான், நாக்குதான் நிற்காது. பஞ்சர் ஒட்ட அந்தப் பக்கம் போனவன், பாய் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சுரேந்திரன் தங்கச்சி விஜயராணி கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்திருந்தது என்று தன் வீட்டில் சொல்ல, அது சாயங்காலத்துக்குள் ரோட்டைக் கடந்து வந்துவிட்டது.

அன்று அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த விஜயராணிக்கும் உங்களுக்கும் என்ன என்று அவள் நேராகவே கேட்டாள். கண்ணாடித் தம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த முகத்தை அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள். முதலில் திருடன் பிடிபட்டதுபோல் இருந்தது. அப்புறம் என்னவோ, பெரிய தொல்லையிலிருந்து தப்பித்ததுபோல் ஆனது. "நீயே கண்டுபுடிச்சிட்ட. அப்புறம் நான் என்னத்தச் சொல்றது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அறுபதைத் தாண்டிய மனுஷனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாக அவளுக்குப் பட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சோற்றை வைப்பாள், போய்விடுவாள். அவரும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். இந்த நிலையில்தான் அவர் போய்ச் சேர்ந்தார்.

காலையிலிருந்து துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் ஜஹனாரா எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தாள். எவளுக்கு என்ன தெரியும்? எவள் அளவுக்கு மீறி அழுகிறாள்? பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு, "மனசக் கல்லாக்கிக்கங்க" என்றபோது, அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்றே தோன்றியது.

வெயில் கூரைக்கு வந்த நேரத்தில் சுரேந்திரன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் வாசலில் ஆண்களோடு நின்றுவிட, விஜயராணி மட்டும் உள்ளே வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஒடிசல், தலையில் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இவள் கால்பக்கம் பார்த்தாள். அங்கே துணி ஒரு ஓரமாக விலகியிருந்ததைச் சரிசெய்யக் கை நீண்டு, பாதியில் நின்று, திரும்பிவிட்டது. ஜஹனாராவுக்கு அது பழகிய கை என்று பளிச்சென்று தெரிந்தது.

அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். உம்மு ஹபீபாவுக்கு விஷயம் காதில் விழுந்திருந்தது. இன்றைக்கு வேண்டாம், நாலு பேர் இருக்கிறார்கள், அவர் அடக்கமாகட்டும் என்று தடுத்தாள்.

"இன்னைக்கு விட்டா என்னைக்குக்கா கேக்குறது?" என்றாள் ஜஹனாரா. அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

விஜயராணி கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை, நின்றாள். ஜஹனாரா அவள் கைகளைப் பார்த்தாள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, வளையல் இல்லை. இப்போது அதே மருந்து வாடை வந்தது.

"அவரு ஒனக்கு என்ன?"

விஜயராணி தரையைப் பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னு பாய் எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காருக்கா."

"சத்தியம் வாங்குனவரு அங்க கெடக்குறாரு. நான் இங்க உசுரோட நிக்கிறேன். எனக்குச் சொல்லு."

"அவரு கால்ல புண்ணு. நான் கட்டுப் போட்டு விடுவேன். அம்புட்டுத்தேன்."

ஜஹனாரா நம்பவில்லை. இப்படி ஒரு பதிலை அண்ணனும் தங்கையும் வழியிலேயே பேசி வைத்திருக்கலாம். எந்தக் கால் என்று கேட்டாள். வலதுகால், உள்ளங்கால் என்று வந்தது பதில். கட்டுப் போட உனக்கு எப்படித் தெரியும் என்றாள். காலை நேரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் புண் கழுவுகிற வேலை பார்ப்பதாக அவள் சொன்னாள். புண் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாரா? போகச் சொன்னால் கேட்கவில்லை, உள்ளூரில் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார், கடைசியில் வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். போலீஸ்காரர் கேட்பதுபோல் மாற்றி மாற்றிக் கேட்டும் பதில் ஒரே மாதிரி இருந்தது. அதுவும் ஜஹனாராவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அண்ணனைக் கூப்பிடு என்றாள்.

சுரேந்திரன் நிலைப்படியில் நின்று, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னான். பாய்க்குச் சர்க்கரை முற்றிப்போய் வலதுகாலில் உணர்ச்சி இல்லை. மழை நேரத்தில் ஒரு வளைவில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். வண்டி தடுப்புச் சுவரில் போய் நின்றது. ரோட்டில் யாரும் இல்லாதது புண்ணியம். முழங்கால் இடித்து டேஷ்போர்டுப் பலகை பிளந்துவிட்டது, அதனால்தான் கழற்றினோம். ஸ்பீடோமீட்டர் கதையெல்லாம் வீட்டுக்குச் சொன்னது.

"பெறகு நீ செஞ்ச வேலையெல்லாம்?"

"எல்லாம் செய்ய வேண்டிய வேலைதானுங்க. ஆனா இத்தனை நாள் செய்ய வேண்டிய வேலையில்ல" என்றான். பலகையைத் திரும்ப மாட்டினால் வண்டி ரெடி. ரெடி என்றால் எடுத்து ஓட்ட வேண்டும். ஓட்ட முடியாது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வீட்டில் வண்டியை வைத்திருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அதனால் இன்னும் ஒரு வேலை சொல்லுப்பா, இன்னும் ஒரு வேலை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கடைசியா, காலுக்குப் பதிலாக் கையால பிரேக் போடுற மாதிரி ஒரு லீவர் வைக்க முடியுமான்னாரு. பலகை வெளிய இருக்கும்போதே செஞ்சிரலாம்ல, சுரேந்திரான்னாரு. இந்த மலையில அது ஆகாது பாய்னேன். மறுநாளும் அதையே கேட்டாரு."

அது கிபாயத்துல்லாவேதான். யாராலும் ஜோடிக்க முடியாது. ஜஹனாரா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் கேட்டதுக்கு ஏன் ஆமாங்குற மாதிரிச் சிரிச்சாரு?"

சுரேந்திரன் வெளியே போய்விட்டான். விஜயராணி முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது. "அன்னைக்கு ஷெட்டுக்கு வந்து அதைத்தான் பெருசாக் கதைச்சாரு. எம் பொண்டாட்டிக்கு ஒம்மேல சந்தேகம் ராணி, நல்லதாப் போச்சு, இனிமே காலப் பத்திக் கேக்க மாட்டான்னு. எனக்கும் மானம் இருக்குல்லக்கா? கட்டுப் போட மாட்டேன் போங்கன்னுட்டேன். அன்னைக்கு அவரே சுத்திக்கிட்டுத்தேன் வந்தாரு." சொல்லி முடித்ததும் அழுதாள். அன்று அந்த வீட்டில் ஜஹனாரா பார்த்த அழுகைகளில் அதுதான் ரோசமான அழுகை.

ஜஹனாரா அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சந்தேகம் விட்டுப்போயிருந்தது. ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. புண் எப்படி வந்தது என்று கேட்டாள்.

விஜயராணி உம்மு ஹபீபாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "அது எதுக்குக்கா இப்ப" என்றாள்.

"சொல்லு."

"சூடு பட்டது. ராத்திரி காலுக்கு வைக்கிற வெந்நீர்ப் பை."

மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் ஜஹனாராதான் ரப்பர் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, துண்டைச் சுற்றி, அவர் பாதத்துக்கு அடியில் வைத்தாள். நன்றாக ஒட்டி வைப்பாள், விடியும்வரை சூடு நிற்க வேண்டும் என்று. சூடு போதுமா என்று கேட்பாள். போதும் என்பார். அவள் தூங்கிய பிறகு கையால் எட்டி ஒதுக்கி வைத்துவிடுவாராம், சில நாள் மறந்து தூங்கிவிடுவாராம்.

"சொன்னா நீங்க அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பீங்கன்னாரு. இப்பக் கொஞ்ச நாளா நல்லாக் காஞ்சு வந்துச்சுக்கா. எப்படின்னே தெரியல" என்றாள் விஜயராணி.

ஜஹனாராவுக்குத் தெரிந்தது. பேச்சை நிறுத்திய அன்றைக்கே அவள் வெந்நீர்ப் பையையும் நிறுத்திவிட்டாள். கோபத்தில் செய்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணோடு பழகினார் என்றால் அதைப் பொருந்திக்கொள்ளக் காலையிலிருந்து மனதைத் தயார் பண்ணிவைத்திருந்தாள், கொஞ்சம் முக்கினால் சொல்லியிருப்பாள். இதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? அந்த வண்டிக்குள் எந்த வயர் இற்றுப்போயிருந்தது, எந்த ரப்பர் இறுகிப்போயிருந்தது என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். பக்கத்தில் படுத்திருந்தவரின் கால் செத்துப்போனது தெரியவில்லை. யார் யாரைப் பொருந்திக்கொள்வது?

நிஹால் வந்து சேர்ந்தபோது பின்கட்டில் படுதா கட்டி, குளிப்பாட்டுகிற பலகை போட்டாகிவிட்டது. பெரிய பாத்திரத்தில் இலந்தை இலை போட்ட தண்ணீர் ஆவி பறந்தது. ஜஹனாரா எழுந்து வந்து, கால் இரண்டையும் தான் கழுவுவதாகச் சொன்னாள். ஆம்பளைகள் இருக்கும்போது நீ எதற்கு என்று உம்மு ஹபீபா மறித்தாள். பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டு வந்தார்கள். மனைவிக்கு உரிமை உண்டு என்று அவர் சொல்லிவிட்டார். மகனைத் தவிர மற்றவர்கள் படுதாவுக்கு வெளியே ஒதுங்கினார்கள்.

தோல் காலுறையை அவள் மெல்ல உருவினாள். உள்ளே வெள்ளைக் கட்டு, நேற்றுப் போட்டது, முடிச்சு அழுத்தாமல் பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டியிருந்தது. நிஹால் ஏதோ கேட்க வாயெடுத்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கட்டு ஒட்டியிருந்த இடத்தை நனைத்து நனைத்துப் பிரித்தாள். உள்ளங்காலில் புண் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது.

படுதா ஓரத்தில் உம்மு ஹபீபா நின்றிருந்தாள். இப்போது அவள் குரலில் அதட்டல் இல்லை. "இப்பவாச்சும் சொல்லிரும்மா. நேரமாகுது."

ஜஹனாரா, பாத்திரத்திலிருந்து மொண்டு வைத்திருந்த வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி சூடா இருக்கு. இந்தக் காலு தாங்காது" என்றாள் மகனிடம். "பச்சைத் தண்ணி ஊத்து."

நிஹால் அத்தையைப் பார்த்தான். அவள் நகர்ந்துபோய்க் குழாயில் ஒரு செம்பு பிடித்துக்கொண்டு வந்து தானே வாளியில் ஊற்றினாள். ஜஹனாரா மறுபடியும் கையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.